நிலத்தில் ஒரு வாத்தியாரின் பெயர்

பயப்பட ஏதாவது கிடைத்தால் அதை இரண்டு கையாலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிற ஆள் நான். தெருவில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எங்கள் வீட்டுக்குத்தான் போகிறது என்று நினைப்பேன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும். இப்படிப்பட்ட ஒருத்தியை வயதானவர்களைப் பார்க்கிற வேலைக்கு எடுத்தவர்கள் என்னத்தைக் கண்டு எடுத்தார்களோ தெரியாது. நேர்முகத்தில் உங்களுடைய பலம் என்ன என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பேன் என்றேன். உண்மையில் ஐந்து தரம் பார்ப்பேன். வேலை கிடைக்கட்டும் என்று குறைத்துச் சொன்னேன்.

2011இல் எனக்கு வேலைக்குக் கிடைத்த வீடு கோல்பீல்டில் இருந்தது. நாங்கள் இருந்த மல்கிரேவிலிருந்து பஸ்ஸில் ஸ்பிரிங்வேல், அங்கிருந்து ரயில். எண்பது தாண்டிய ஒரு யூதப் பெண்மணி அங்கே தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் சிட்னியில். கூட்டுவது, சூப் வைப்பது, அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பது, மாத்திரை போட்டாரா என்று பார்ப்பது என் வேலை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். என் நாக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் வாய் தவறி அன்ரி என்றுவிட்டேன், அவருக்கு அது பிடித்துப்போனது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் தலைக்குள் இறங்கும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். எனக்குக் கேட்டபடியே இங்கே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

வரவேற்பறைச் சுவரில் அவருடைய அப்பாவின் படம் தொங்கியது. வட்டக் கண்ணாடி, இறுக்கிப் பூட்டிய கழுத்து, வகுப்பில் கடைசி வாங்கு வரை போகிற பார்வை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் என்று அன்ரி முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் கேட்டது எனக்குப் போதும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். யுத்தத்தால் நின்றேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன், அதில் பாதி உண்மை. மீதிப் பாதி கணக்கு வாத்தியார். நான் வரமாட்டேன் என்று தெரிந்தபோது அவர் என்னைவிட நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார். ஆகவே அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போது நான் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றுதான் துடைப்பேன். நேரே நின்றால் ஏதாவது கேட்டுவிடுவார் போலிருக்கும்.

அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதை அன்ரி ஒரே ஒரு தடவை சொன்னார், குசினியில் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது. நாஜிகள் வந்ததும் யூதர் என்பதற்காக அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த நாள் அவருடைய மாணவர்கள் அவரைக் கண்டு தெருவின் மற்றப் பக்கம் மாறினார்கள். கூடப் படிப்பித்தவர்களில் ஒருவர் மட்டும் வீட்டுக்கு வந்தார், அப்பா பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த குடையைக் கொடுக்க. உள்ளே வரவில்லையாம், வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். அன்ரியை வேறு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். அப்பாவையும் அம்மாவையும் பிறகு வேறொரு ரயிலில் கிழக்கே கொண்டுபோய்க் கொன்றார்கள். சொல்லி முடித்துவிட்டு அன்ரி சட்டியைப் பார்த்தார். கிழங்கு காணும், இனிச் சீவவேண்டாம் என்றார். நான் தேவைக்கு மேலேயே சீவியிருந்தேன்.

அன்ரியின் மகன் அனுப்பிய ஒரு படத்திலிருந்து பிரச்சினை தொடங்கியது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது. அங்கே படிப்பித்துக் கொல்லப்பட்ட யூத ஆசிரியர்கள் மூன்று பேருக்குப் பள்ளிக்கூட வாசலில் நடைபாதையில் கல் பதிக்கப் போகிறார்களாம். உள்ளங்கை அளவு கல், மேலே பித்தளைத் தகடு, அதில் பெயரும் பிறந்த ஆண்டும் கொண்டுபோகப்பட்ட இடமும். இப்படி ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பதித்திருக்கிறார்கள் என்று அன்ரி சொன்னார். மற்ற இரண்டு குடும்பமும் சம்மதித்துவிட்டது. அன்ரியும் ஓம் என்று சொல்லியிருந்தார். வேறொரு ஊரில் பதித்த கல்லின் படத்தை மகன் பெரிதாக அச்சடித்து அனுப்பியிருந்தார். அன்ரி அதை என்னிடம் நீட்டினார். அப்போது என் கையில் கூட்டுகிற தும்புத்தடி இருந்தது.

படத்தில் நடைபாதைக் கற்களுக்கு நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம். அதன் ஓரத்தில் யாரோ ஒருவருடைய சப்பாத்தின் முன்பக்கம்.

"நிலத்திலையோ அன்ரி?" என்றேன். "சனம் மிதிக்குமே."

"ரோட்டிலை சனம் மிதிக்காமல் என்னெண்டு போறது?" என்றார் அன்ரி சிரித்துக்கொண்டு.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என்னுடைய ஆங்கிலம் ஒருமுறை புறப்பட்டால் பிறகு நிற்காது, பிரேக் இல்லாத வண்டி. எங்களுடைய ஆட்கள் எழுத்தை மிதிக்கமாட்டார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், நிலத்தில் பேப்பர் கிடந்தால் மிதிக்காமல் விலகிப் போவோம், இது பேர், அதுவும் வாத்தியாருடைய பேர் என்றேன். விளங்கியதோ என்று சந்தேகம் வந்தது. ஆகவே கதிரையில் கிடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிப் புத்தகத்தை எடுத்து நிலத்தில் போட்டு, பெருவிரலால் மெல்லத் தொட்டு, குனிந்து கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினேன். தும்புத்தடி அக்குளுக்குள். அன்ரி இதை மிகுந்த கவனத்தோடு பார்த்தார். நான் அதை மறந்துவிட்டு சூப் வைக்கப் போனேன்.

அடுத்த முறை நான் போனபோது அன்ரி கல் வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லியாகிவிட்டது.

அப்பாவை அவங்கள் மிதிச்சது காணும் என்றாராம். அதை யார் சொல்லித்தந்தது என்று மகன் கேட்டபோது, வீட்டு வேலைக்கு வருகிற பெண் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நான் நிற்கும்போதே மகன் தொலைபேசியில் வந்து என்னோடு கதைக்கக் கேட்டார். மரியாதையான மனிதர். கத்தவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. "அம்மாவை ஓமெண்டு சொல்லவைக்க நான் கனகாலம் மினக்கெட்டனான்," என்றார். "நீங்கள் ஒரு நிமிசத்திலை மாத்திப்போட்டியள்." மாத முடிவுக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கல்லைத்தான் பதிப்பார்கள், அம்மாவின் வயதுக்கு இன்னொரு சந்தர்ப்பம் வராது என்றார். நான் சொறி, மன்னியுங்கோ என்றேன். பிறகும் சொறி என்றேன். அவர் தொலைபேசியை வைத்த பிறகும் ஒருமுறை சொன்னேன்.

அன்றைக்கு ரயிலில் நான் போட்ட கணக்கு இது. மகன் என்னை அனுப்புகிற நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்வார். நிறுவனம் என்னை நிறுத்தும். இதெல்லாம் வழக்கமான பயம், எனக்குப் பழகியது. பழகாத ஒன்று அதற்குக் கீழே கிடந்தது. அந்த மனிதரைப் பள்ளிக்கூட வாசலால் ஒருமுறை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது மற்ற இரண்டு வாத்திமாரும் திரும்பி வருகிறபோது இவர் மட்டும் வராமல் போகப்போகிறார். அதற்குக் காரணம் ஒரு தொலைக்காட்சிப் புத்தகமும் என் கால் பெருவிரலும்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஒரு பண்டகசாலையில் வேலை, எதற்கும் பதறாத மனிதர், சாமான்களோடு இருந்து பழகியவர். கதையை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இஞ்சேரும், ஜெர்மன்காரன் யோசிச்சு, மகன் யோசிச்சு, அந்த மனுசி யோசிச்சு எடுத்த முடிவை நீர் எட்டாம் வகுப்போடை கவிட்டுப் போட்டீர். நீர் படிச்சிருந்தா இந்த நாடு தாங்காது."

நான் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். "உம்மடை சித்தப்பா லண்டனிலை இருந்து காசனுப்பி அம்மன் கோயில் படியிலை தன்ரை பேர் வெட்டுவிச்சவரெல்லே? அதை ஊர் முழுக்க மிதிச்சுக்கொண்டுதானே உள்ளை போனது? நீரும் மிதிச்சனீர்தானே."

உண்மை. முதல் படியிலேயே சித்தப்பாவின் பெயர், அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு, உபயம் என்ற சொல்லோடு. அடியவர்களின் கால் தன் பெயரில் படவேண்டும் என்றுதான் அங்கே வெட்டுவித்தார். நான் ஒருநாளும் குனிந்து கண்ணில் ஒற்றியதில்லை. எழுத்தை மிதிக்காத பரம்பரை என்று கோல்பீல்டில் விரிவுரை செய்தவள் எத்தனை வெள்ளிக்கிழமை சொந்தச் சித்தப்பாவை மிதித்திருக்கிறேன் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தோசமாகவும் இருந்தது. அன்ரியிடம் சொல்ல ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

அதை ஆங்கிலத்தில் கட்டி அடுக்கி, ரயிலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த ஒருவர் ஹன்டிங்டேலில் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார். கோல்பீல்டில் இறங்கும்போது பேச்சு மனப்பாடமாகிவிட்டது. அன்ரிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கோயில், படி, சித்தப்பா, அடியவர்களின் கால். நான் முன்பு சொன்னது பிழை, எங்களிடமும் மிதிக்கிற பெயர் இருக்கிறது, அது மரியாதைதான் என்று முடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நீளமான பேச்சு அதுதான்.

அன்ரி தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

"உம்மடை சித்தப்பா தானாக் கேட்டுப் போடுவிச்சவர்," என்றார். "மிதிச்சது சாமி கும்பிட வந்த சனம். என்ரை அப்பாவை ஆர் கேட்டது? அவரை மிதிக்கப்போறது ஆர்? ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போன பெடியளின்ரை பேரப்பிள்ளையள்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிழையான விடையைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னார். நான் குசினிக்குப் போய்க் கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகன் ஒவ்வொரு நாளும் சிட்னியிலிருந்து அம்மாவோடு கதைத்தார், அன்ரி காலநிலையைப் பற்றியே பதில் சொன்னார். மாத முடிவு கிட்ட வந்தது. வீட்டில் என் கணவர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒருநாள் நான் பிந்தினேன். பஸ் தரிப்பு வரைக்கும் போனபிறகு ஸ்திரிக்கைப் பெட்டியை நிறுத்தினேனா என்ற சந்தேகம் வந்தது. திரும்பி ஓடினேன். நிறுத்தித்தான் இருந்தேன். மறுபடி ஓடி வந்தால் பஸ் போய்விட்டது, பிறகு ரயிலும் போய்விட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. அன்ரி வீட்டுக் கதவைத் தட்டியபோது தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கதவு திறந்தது. நான் உள்ளே போகவில்லை. சப்பாத்தெல்லாம் சேறு, அதோடு பிந்தி வந்திருக்கிறேன். வாசல் மிதியடியில் கால் இரண்டையும் சேர்த்துவைத்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு, ஸ்திரிக்கைப் பெட்டியிலிருந்து ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினேன்.

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றாலும் உள்ளே வா என்று அவர் சொல்லாதபடியால் நான் அப்படியே நின்றேன்.

"அப்பாவிட்டைப் பிந்தி வாற பெடியள் இப்பிடித்தான் நிப்பாங்கள்," என்றார் மூச்சு வந்ததும்.

என்னை உள்ளே இழுத்துத் துவாய் தந்துவிட்டுச் சொன்னார். பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மதில். பிந்தி வருகிறவர்களை அவருடைய அப்பா உள்ளே விடமாட்டார். முதல் பாடம் முடியும் வரை அந்த மதிலோரம் நிற்க வேண்டும். கதைக்கக்கூடாது, இருக்கக்கூடாது. அன்ரி சின்னப் பிள்ளையாக அம்மாவோடு அந்த வழியால் கடைக்குப் போகும்போது அவர்களைக் கண்டிருக்கிறார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், மதிலில் யாரோ கீறிவிட்ட எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நிற்பார்களாம்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"மகனுக்குப் போன் அடியும்," என்றார் அன்ரி.

நான் நம்பரை அழுத்திக் கொடுத்தேன். அன்ரி வணக்கமும் சொல்லவில்லை, காலநிலையும் சொல்லவில்லை. "வாசலுக்கு நடுவிலை வேண்டாம்," என்றார். "மதிலோரம் வைக்கட்டும். பிந்தி வாறவை நிக்கிற இடத்திலை. ஓடிப்போறவைக்கு ஒண்டும் தெரியாது. நிக்கிறவை வாசிக்கட்டும்."

மறுபக்கத்தில் சத்தமே வரவில்லை. மகன் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் அந்த மதில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அடுத்த பயம் அந்த இடத்தில் பிடித்தது. போரில் எத்தனை ஊர் இடிந்தது, ஒரு மதிலா நிற்கப்போகிறது. பதில் வரும்வரை நான் அந்த மதிலைப் பற்றிக் கவலைப்பட்டதுபோல என் சொந்த வீட்டு வேலியைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டதில்லை. வேலி விழுந்துதான் கிடந்தது.

மதில் இருந்தது. பாதி உயரத்துக்குக் குறைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள், அதைத் தள்ளி வைக்கிறோம் என்று பள்ளிக்கூடம் எழுதியது. ஆனால் மற்ற இரண்டு கல்லும் வாசலில்தான் இருக்கும், இவர் தனியாக இருப்பார், பரவாயில்லையா என்றும் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலையும் அவர் ஆரோடையும் சேராமல் ஒரு மூலையிலைதான் இருந்தவர், அது சரி என்றார் அன்ரி.

அடுத்த ஆண்டு கல் பதிக்கிற நாளன்று மகன் அங்கே போனார். அன்ரியால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. அங்கே காலை, இங்கே பின்னேரம். மகன் கணினியில் படம் வரச் செய்கிறேன் என்றார், இங்கே அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நான் ஒரு கிழமையாக அந்தக் கணினியைத் தொடப் பயந்து, தொடாமலே அதைச் சுற்றித் தூசி துடைத்திருந்தேன். படம் வந்தது. மழைக்கோட்டுப் போட்ட பிள்ளைகள், நாலைந்து பெரியவர்கள், தலை குறைந்த ஒரு மதில். ஒருவர் வாளியோடு வந்து மதிலோரம் முழங்காலில் இருந்தார். சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்துவிட்டது. நாங்கள் இருவரும் வெகுநேரம் ஒரு ஜெர்மன்காரரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் ஏதோ ஒன்றை அழுத்தப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். படம்தான் நின்றிருந்தது, சத்தம் வந்துகொண்டிருந்தது. ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டுகிற சத்தம். விட்டுவிட்டுத் தட்டினார்கள். பிறகு மண் கூட்டுகிற சத்தம். பிறகு ஒரு பிள்ளை அன்ரியின் அப்பாவின் பெயரை வாசித்தது. அந்த ஊரில் அந்தப் பெயரை யாரும் உரத்துச் சொல்லிக் கேட்டு அன்ரிக்கு எழுபது வருடத்துக்கு மேலிருக்கும். என் கையை அவர் விடவில்லை. எனக்கு விரல் வலித்தது, இழுக்கவும் பயம்.

படம் மறுபடி அசைந்தபோது கல் நிலத்தில் இருந்தது. புதுப் பித்தளை, மழையில் நனைந்திருந்தது. பிள்ளைகள் அதைவிட்டு எட்ட, அரைவட்டமாக விலகி நின்றார்கள். அவ்வளவு பெரிய வெற்றிடத்தின் ஓரத்தில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும்.

"ஏன் அவ்வளவு தள்ளி நிக்கினம்?" என்றார் அன்ரி கணினியைப் பார்த்து. "கிட்ட வரச்சொல்லு."

மகன் அங்கே தட்டுத்தடுமாறி ஜெர்மனில் ஏதோ சொன்னார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அடி வந்தார்கள்.

"இன்னும் கிட்ட. ஒண்டும் செய்யமாட்டார் எண்டு சொல்லு."

மகன் அதையும் சொல்லியிருக்க வேண்டும், யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் மதிலோரம் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளையின் சப்பாத்து நுனி கல்லின் மேல் பட்டது. நன்றாகவே பட்டது. அன்ரி பார்த்தாரா என்று திரும்பினேன். பார்த்துவிட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளையின்ரை சப்பாத்து நாடா அவிண்டு கிடக்கு," என்றார். "விழப்போகுது. கட்டச் சொல்லு."

மகன் சொன்னார். பிள்ளை கீழே பார்த்தது. அந்த இடத்திலேயே, ஈர நடைபாதையில், ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து கட்டத் தொடங்கியது. கட்டி முடித்த பிறகும் எழும்பவில்லை. வாசித்துக்கொண்டிருந்தது.